காகித உருண்டைக்குள் போன பிறந்த நேரம்

புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கும் உங்களுக்குக் காகித உருண்டை செய்வது எப்படி என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் கைபேசியிலேயே என்னைவிட வடிவாகச் செய்து காட்டுவார்கள். தாளைக் கீலம் கீலமாக வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டி, விரித்துவிட்டால் உருண்டை. ஒன்பது வயதுப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் செய்துவிடும். அந்த உருண்டையைச் செய்யப்போய் நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். முப்பத்திரண்டு வருடம் படிப்பித்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். அவ்வளவு காலத்திலும் ஒரு வியாழக்கிழமை மட்டும் இன்னும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

அது நாட்டில் தாள் தட்டுப்பாடு வந்த வருடம். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் அடிப்பதற்கே அலைய வேண்டியிருந்தது. கோப்பாய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான்காம் தரத்துக்கு நான் வகுப்பாசிரியை. கல்வி அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருகிறார், மண்டபத்தை அலங்கரிக்க வேண்டும் என்று அதிபர் சொன்னார். நிறத்தாள் எந்தக் கடையிலும் இல்லை. நான் பிள்ளைகளைப் பார்த்து, "வீட்டிலை வேண்டாத பழைய தாள் கிடந்தா ஆளுக்கு ரெண்டு கொண்டுவாங்கோ" என்றேன்.

வேண்டாதது எது என்று வீட்டில் யார் முடிவு செய்வார்கள் என்று நான் யோசிக்கவில்லை. முதற் பிழை அது.

புதன்கிழமை தாள்கள் வந்தன. பத்திரிகை, பழைய கலண்டர், கொப்பியில் கிழித்த ஒற்றை, கலியாண அழைப்பிதழ். ஒன்றையும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் வெட்டிய கீலங்களை எல்லாம் ஒரு பெரிய பேசினுக்குள் போட்டுக் கலந்தேன். எல்லா உருண்டையிலும் எல்லாத் தாளும் இருந்தால் அழகு என்று எனக்கு ஒரு எண்ணம். பிள்ளைகள் கைவிட்டு எடுத்து, கட்டி, நிறம் பூசினார்கள். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு உருண்டைகள். பின்னேரம் மண்டபத்தில் கம்பி இழுத்துத் தொங்கவிட்டோம். காற்றுக்கு அவை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நானே கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த நாள் காலை ஏழே முக்காலுக்கு, என் வகுப்புப் பிள்ளை அபிநயாவின் தாய் வசந்தி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிற குடும்பம். அமைதியான மனுசி, கூட்டங்களிலும் அதிகம் கதைக்க மாட்டார்.

"ரீச்சர், குறிப்பு எங்கை?"

"என்ன குறிப்பு? சுற்றாடல் பாடத்துக்கோ? அது கொப்பியிலை எழுதிவிட்டனான்."

"ஐயோ, சர்மிளாவின்ரை குறிப்பு ரீச்சர்!"

"எங்கடை வகுப்பிலை சர்மிளா எண்டு ஒருத்தரும் இல்லையே."

எங்களுடையது வேதக்காரர் வீடு, கிறிஸ்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த குடும்பம். குறிப்பு என்றால் பாடக் குறிப்புத்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அவர் சாதகத்தைக் கேட்கிறார் என்று விளங்கவே எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

சர்மிளா வசந்தியின் தங்கை. வயது இருபத்தாறு, தையல் வகுப்பெடுக்கிறாள். வசந்திக்குப் பன்னிரண்டு வயதில், குடும்பம் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது பிறந்தவள். எழுத வேறு தாள் இல்லாததால், வசந்தியின் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்துத் தாய் பிறந்த நேரத்தை எழுதியிருக்கிறார். அதே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு சாத்திரியார் அதன் கீழே கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். சாத்திரியாரும் இப்போது இல்லை, தாயும் இல்லை. பிறப்புப் பதிவில் திகதி இருக்கிறது, நேரம் இல்லை. சர்மிளாவுக்கு இப்போதுதான் முதன்முதலாகச் சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கனடாவில். தரகர் அன்று மூன்று மணிக்குக் குறிப்பு வாங்க வருவதாக ஏற்பாடு.

"போட்டோக்கொப்பி எடுக்கவெண்டு அலுமாரியாலை எடுத்து மேசையிலை வைச்சனான் ரீச்சர். காலமை பாத்தாக் காணேல்லை. பழைய கொப்பி ஒற்றைதானே. பள்ளிக்கூடத்துக்குத் தாள் வேணுமெண்டு இவள் எடுத்திருப்பாள்."

நான் அபிநயாவைத் தனியே கூப்பிட்டேன். "அந்தத் தாள் உம்மட்டை எப்படி வந்தது?"

"மேசையிலை கிடந்தது, நான் எடுத்தனான்" என்றாள்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் வசந்தி பக்கத்தில் வந்து நின்று, "உண்மையைச் சொல்லு, ஆர் தந்தது?" என்றார். பிள்ளை என் முகத்தையும் தாயின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சித்தி தந்தவ" என்றாள். சத்தம் கேட்டு அதிபர் வந்து, "அப்பன், பயப்பிடாமல் சேரிட்டைச் சொல்லுங்கோ" என்று குனிந்தார். அவருக்கு அவள் சொன்ன பதில், "அம்மாதான் எடுக்கச் சொன்னவ."

மூன்று பெரியவர்கள், மூன்று பதில்கள். பிள்ளை பொய் சொல்கிறாள் என்று அதிபர் முடிவெடுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் ஒரு கணக்குக்கு விடை சொன்ன பிள்ளையிடம் நாங்கள் திரும்ப அதே கேள்வியைக் கேட்டால், முதல் விடை பிழை என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கத்தில் அவள் விடையை மாற்றிக்கொண்டே போனாள். இதை நீங்கள் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயந்து நிற்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வியை ஒருமுறைதான் கேட்கலாம். ஆனால் வசந்தி இரண்டாவது பதிலைப் பிடித்துக்கொண்டார். உடனே தங்கைக்குப் போன் எடுத்து, வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"சேர், உருண்டைகளைக் கழட்டப் போறன்" என்றேன் அதிபரிடம்.

"விசரே ரீச்சர்? ஒன்பது மணிக்கு ஆக்கள் வருகினம். அவையள் போனாப் பிறகு எதையெண்டாலும் கழட்டுங்கோ. தாள் எங்கை ஓடப்போகுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இதை இரண்டாவது பிழை என்று சொல்லலாமோ தெரியாது. அன்று யார் என்றாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதிகாரி வந்தார். பாட்டு, நடனம், பேச்சு எல்லாம் நடந்தன. வசந்தி மண்டபத்துக்கு வெளியே நின்று, தலைக்கு மேலே சுற்றும் உருண்டைகளையே யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு அவர்கள் போன பிறகு பிள்ளைகளை நிலத்தில் வட்டமாக இருத்தினேன்.

"பிள்ளையள், ரீச்சர் ஒரு பிழை விட்டிட்டன். நீங்கள் கொண்டுவந்த தாளுகளைப் பாக்காமல் வெட்டச் சொல்லிப்போட்டன். அதுக்குள்ளை ஒரு வீட்டின்ரை முக்கியமான தாளும் போயிட்டுது. எல்லாரும் உங்கடை உங்கடை உருண்டையை அவிழுங்கோ. கோடு போட்ட தாளிலை நீலப் பேனையாலை எழுதியிருந்தா எனக்குத் தாங்கோ."

இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி, "நாளைக்குத் திரும்பச் செய்யலாமோ?" என்று கேட்டாள். செய்யலாம் என்றேன். எந்த வீட்டுத் தாள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அபிநயா மட்டும் தலையைக் குனிந்து வெறுங்கையோடு இருந்தாள்.

கொப்பி ஒற்றை ஏழு கீலமாக வெட்டுப்பட்டிருந்தது. ஆறு கீலங்கள் ஆறு உருண்டைகளிலிருந்து வந்தன. ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. நிறம் ஊறிக் கட்டங்களுக்குள் இருந்த எழுத்துகள் கரைந்து போயிருந்தன. எது மேல், எது கீழ் என்றே எனக்குத் தெரியவில்லை. வசந்திதான் மேசையில் அடுக்கினார். மேல் வரி மட்டும் ஓரளவு தெரிந்தது. தாயின் எழுத்து. "பிறந்த நேரம் விடியப்புறம் மணி" என்பதோடு ஆறாவது கீலம் முடிந்தது. எண் ஏழாவதில்.

"எத்தினை மணி எண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருட்டாயிருந்தது. மழை. பக்கத்து வகுப்பறையிலை ஆரோ லாம்பு கொண்டுவந்தவை. எனக்குப் பன்னிரண்டு வயது ரீச்சர், மணியை ஆர் பாத்தது?"

அவிழ்த்த உருண்டைகளை எண்ணினேன். முப்பது. அப்போதுதான் அபிநயா வாயைத் திறந்தாள். "என்ரை உருண்டை இல்லை ரீச்சர். வந்த பெரிய சேருக்கு அதிபர் குடுத்திட்டார்."

அதிபர் தலையில் கைவைத்தார். போகும்போது நினைவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று, கைக்கு எட்டிய மஞ்சள் உருண்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதிகாரிக்குப் போன் எடுத்தார். அவர் சாவகச்சேரியில் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். உருண்டை வாகனத்தில் இருக்கிறதாம், வந்தால் சாரதி தருவாராம்.

நான் புறப்படப் பையை எடுத்தபோது, தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் தையற்காரர் போடுகிற அளவு நாடா. கழற்றி வைக்கவும் மறந்து வந்திருக்கிறாள். தையல் வகுப்பெடுக்கிறவள் சர்மிளா என்று சொல்லாமலே தெரிந்தது.

"ரீச்சர், அபிக்கு அடி விழுந்ததோ?"

"இல்லை. நீங்கள்தான் தாளைக் குடுத்தனீங்கள் எண்டு பிள்ளை சொல்லுது."

"நான் குடுக்கேல்லை" என்றாள். பிறகு அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, "ஆனா அவள் எடுக்கேக்கை நான் குசினி வாசலிலை நிண்டனான். கண்டனான். ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

"ஏன்?"

"தெரியேல்லை."

"ஆளைப் பிடிக்கேல்லையோ?"

"ஆளைத் தெரிஞ்சாத்தானே ரீச்சர் பிடிக்கிறதும் பிடிக்காததும். பொருந்தும் எண்டு சொன்னாலும் எனக்குப் பயமாக் கிடக்கு, பொருந்தாது எண்டாலும் பயமாக் கிடக்கு. அந்தத் தாள் கொஞ்ச நாளைக்குக் காணாமல் இருந்தா நல்லம் எண்டு நினைச்சன். வெட்டுப்படும் எண்டு நினைக்கேல்லை. அது அம்மான்ரை எழுத்து."

"அக்காட்டை உதைச் சொன்னனீங்களோ?"

"என்னண்டு சொல்லுறது? என்னை வளர்த்தது அவ. கல்யாணம் வேண்டாம் எண்டால் ஆரும் இருக்கினமோ எண்டு கேப்பா. ஒருத்தரும் இல்லை. வேணுமோ எண்டு கேட்டால் அதுக்கும் என்னட்டைப் பதில் இல்லை."

பிள்ளை சொன்ன இரண்டாவது பதில் உண்மையா பொய்யா என்று அப்போது எனக்குக் குழம்பிப் போயிற்று. கொடுக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

எரிபொருளுக்கும் தட்டுப்பாடான காலம். கைதடிச் சந்திவரை ஒரு பேருந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் வந்த இன்னொன்று. இரண்டிலும் நின்றபடிதான் போனேன். சாவகச்சேரியில் சாரதியைக் கண்டுபிடித்தபோது உருண்டை வாகனத்தின் முன்கண்ணாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"வடிவா இருந்தது ரீச்சர். திருப்பி எடுக்கப் போறீங்களோ?" என்றார் அவர்.

சந்தைக்கு முன்னால் இருந்த பேருந்துத் தரிப்பிடத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து நூலை அவிழ்த்தேன். அந்த உருண்டையில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ கழன்று வந்தது நான் தேடிய கீலம். மஞ்சள் நிறத்துக்குக் கீழே நீல மை. நாலு பத்து என்று வாசித்தேன். பத்தில் இருந்த ஒன்று என்ற இலக்கத்தின் மேல் நிறம் ஊறியிருந்தது, ஆனாலும் எனக்கு அது நாலு பத்துத்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன் இதே ஊரில் எழுதிய எண் என்பது அப்போதுதான் மனதில் பட்டது.

திரும்பி வரும்போது இருக்க இடம் கிடைத்தது. கீலத்தை என் நாட்குறிப்புக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். யாரிடம் கொடுப்பது? தாளைத் தேடி வந்தவர் வசந்தி. பிள்ளையின் தாயும் அவர். பாடசாலை பதில் சொல்ல வேண்டியதும் அவருக்குத்தான். அது அவருடைய கொப்பித் தாள், இத்தனை இடம்பெயர்விலும் அதைக் காவித் திரிந்தவரும் அவர். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் குழாயடியில் நின்றவள் சொன்னதைக் கேட்டிருக்காவிட்டால்தானே அது அவ்வளவு இலகு. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். யன்னலால் எறிந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் வந்தது. உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. பிள்ளைகளிடம் உண்மை பேசு என்று முப்பது வருடம் சொன்ன வாய். கைதடியில் இறங்கும்போதும் ஒரு முடிவும் இல்லை.

பாடசாலை வாசலுக்கு வந்தபோது இரண்டரை. பிள்ளைகள் போய்விட்டார்கள். அக்காவும் தங்கையும் வாசலின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். கதைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அபிநயா நடுவில் மதிலோடு சாய்ந்து நின்றாள்.

"கிடைச்சுதோ ரீச்சர்?" என்று வசந்தி கையை நீட்டினார்.

"ஓம், கிடைச்சது."

நாட்குறிப்பைத் திறந்து கீலத்தை எடுத்தேன். எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். என் கை சர்மிளாவின் பக்கம் போனது. அவள் திடுக்கிட்டு வாங்கிக்கொண்டாள்.

"ரீச்சர், அது என்ரை கொப்பித் தாள்!" என்றார் வசந்தி.

"தாள் உங்கடை, வசந்தி. நேரம் அவவின்ரை. அவவே கொண்டுவந்து தரட்டும்."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது. யாரோ பிடரியில் அடித்ததுபோல நின்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். சர்மிளா கீலத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, "அக்கா, எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். வசந்தி அபிநயாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சர்மிளா பின்னால் நடந்தாள்.

தரகரை அன்று வெறுங்கையோடு அனுப்பினார்களாம். அபிநயா இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏன் ரீச்சர் உந்த வேலை? தாயிட்டைக் குடுத்திருந்தால் பிரச்சினை முடிஞ்சிருக்கும்" என்றார். ஒரு வீட்டு விஷயத்துக்குள் கைவைத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் படிப்பும் அதனால் இரண்டு கிழமை கெட்டது. அந்த இரண்டு கிழமையும் வரவுப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் அடுத்த பெயருக்குப் போகும்போதெல்லாம், நான் செய்தது பிழை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது கிழமை திங்கட்கிழமை வந்தாள். "சித்தி கொண்டுவந்து விட்டவ" என்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன்: "தாள் கொண்டுவரச் சொன்னது நான். நீர் ஒரு பிழையும் செய்யேல்லை."

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் கலியாண அழைப்பிதழ். அதே கனடா மாப்பிள்ளை. வசந்திக்கு வாயெல்லாம் பல். தரகரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சர்மிளா தானே அந்தப் பொடியனோடு இரண்டு மாதம் போனில் கதைத்தாளாம். பிறகு ஒருநாள், கீலத்தை மற்ற ஆறோடும் சேர்த்துத் தானே வேறொரு சாத்திரியாரிடம் கொண்டுபோய் ஒட்டுவித்து, குறிப்பைப் புதிதாக எழுதுவித்து வந்து தமக்கையின் கையில் கொடுத்தாளாம்.

"நல்ல பொருத்தம் ரீச்சர். விடியப்புறம் நாலு நாற்பதுக்குப் பிறந்தபடியாத்தான் இவ்வளவு பொருத்தமாம். அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் நட்சத்திரம் மாறியிருக்கும், சம்பந்தம் சரிவந்திராது எண்டு சாத்திரியார் சொன்னவராம்."

தேநீர்க் கோப்பை என் கையில் நின்றுபோனது. நாலு நாற்பது. நான் சாவகச்சேரியில் வாசித்தது நாலு பத்து. அல்லது அப்படி வாசித்ததாக நினைத்தேன். ஒன்றின் மேல் ஊறிய மஞ்சளுக்குக் கீழே அது நாலாகவும் இருந்திருக்கலாம். நான் சர்மிளாவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை. ஏதாவது சொல்லப்போகிறேனோ என்று பார்த்தாளா, வெறுமனே பார்த்தாளா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"சந்தோசம்" என்றேன்.

வசந்தி கோப்பைகளைக் கழுவிவைக்கக் குசினிக்குப் போனபோது நாங்கள் இருவரும் தனியே இருந்தோம்.

"பயம் போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர்" என்று சிரித்தாள். "ஆனா இப்ப ஆளைத் தெரியும்."

கலியாணத்துக்குப் போனேன். அபிநயா பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தாள். சர்மிளா இப்போது கனடாவில். நன்றாக இருக்கிறாள் என்று வசந்தி சொல்கிறார்.

இதை உங்களைப் போன்ற புதியவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார், நீங்கள் செய்தது சரியா என்று. பிள்ளைகள் கொண்டுவரும் தாளை வெட்டுமுன் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், அது நிச்சயம். மற்றது எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது நாலு பத்தா, நாலு நாற்பதா என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு அந்தக் கீலம் திரும்ப என் கைக்கு வந்தாலும், அதே வாசலில் அதே இரண்டு பேரும் நின்றாலும், கை அந்தப் பக்கம்தான் போகும்.